மால்டா மணலில் ஒற்றைச் செருப்பு

நான் வெளிநாடு போய் வந்தவன் என்று சொன்னால் திருத்தணியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் நம்பிவிட்டு, "என்னா வேலைக்குப் போனே?" என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு முதல் கூட்டமே தேவலை. ஏனென்றால் நான் ஒரு வேலைக்கும் போகவில்லை. என் மனைவி நர்ஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் லிபியாவில், திரிபோலி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய பெட்டி, அவளுடைய படுக்கை, அவளுடைய ஊறுகாய் ஜாடி, இவற்றோடு அவளுடைய புருஷனாக நானும் விமானம் ஏறினேன். அதுவரை பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு நூல் கட்டு அனுப்பும் கடையில் நின்றுகொண்டிருந்தவன், திரிபோலியில் குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்து மூடும் உத்தியோகத்தில் அமர்ந்தேன். குழந்தையைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போவதும் வெங்காயம் வாங்கி வருவதும் உபரி வேலை.

அங்கே அவளுக்கு என்னால் ஆன ஒரே உதவி சந்தேகப்படுவதுதான். எதையும் நம்ப மாட்டேன். பால்காரன் புட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு எகிப்துக்காரர் தினமும் வணக்கம் சொன்னதால், அவருக்கு நம் வீட்டிலிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது என்று மூன்று மாதம் கண்காணித்தேன். கடைசியில் அவருக்கு வேண்டியிருந்தது பதில் வணக்கம்.

இது என் தப்பு மட்டும் இல்லை. நான் வளர்ந்த ஊர் அப்படி. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கூட்டத்தில் நீங்கள் ஒரு முறை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மலை ஏறிப் பார்த்தால் தெரியும். பொய்கையில் ஒரு குடும்பம் குளிக்க வந்தால் ஓர் ஆள் குளிக்காமல் துணிமேல் உட்கார்ந்திருப்பான். முடி இறக்குகிறவர்களும் நம்ப மாட்டார்கள். ஒரு தலையைப் பாதி மழித்துவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவார்கள். பாதி மொட்டையோடு எவன் வேறு ஆளைத் தேடி ஓடுவான்? செருப்புக்கு நாங்கள் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. இடது காலை இந்தத் தூணுக்குப் பக்கத்தில் விடுவோம், வலது காலைப் பூக்கடைக்குப் பின்னால் விடுவோம். ஜோடியாகக் கிடந்தால்தானே திருடனுக்கு ஆசை வரும்? ஒற்றைச் செருப்பை எவனும் தொட மாட்டான். நான் இந்த முறையில் கரை கண்டவன். என் வாழ்நாளில் ஒரே ஒரு ஜோடிதான் தொலைந்தது, அதுவும் வலது காலை எங்கே விட்டேன் என்பது எனக்கே மறந்துபோனதால்.

திரிபோலியில் போய் இறங்கியதும் எங்கள் பாஸ்போர்ட்டுகளை ஆபீசில் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் அதே வழக்கம். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு வாரம் லீவு வந்தபோதுதான் அவை வெளியே வந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று அவளுடையது, அதிலேயே ஆறு வயது மகளின் பெயரும் உண்டு. இரண்டிலும் திரும்பி வருவதற்கான முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த முத்திரை இல்லாமல் மறுபடி லிபியாவில் கால் வைக்க முடியாது.

மத்தியதரைக் கடல் திரிபோலிக்கும் உண்டுதான். ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பார்த்தால் துறைமுகச் சுவர்தான் தெரியும், சுவருக்கு மேலே கொஞ்சம் வானம். "எதிர்ல இருக்கற மால்டா தீவுக்குப் போங்க. பிளேன் ஏறினா காபி குடிக்கறதுக்குள்ள எறக்கி விட்டுடுவான். குழந்தைங்க விளையாடற மாதிரி பீச் இருக்குது" என்று கூட வேலை செய்த நர்ஸ் யாரோ சொல்லியிருக்கிறாள். என் மனைவி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"பாவா, பாப்பா கடல்ல கால் வச்சதே இல்ல. நானும் ரெண்டு வருஷமா வார்டு ஃபினாயில்லதான் கால் நனைச்சிகினு இருக்கேன். போறோம்."

அவள் என் மாமன் மகள். பாவா என்றுதான் கூப்பிடுவாள், ங்க போட்டுத்தான் பேசுவாள். ங்க உதிர்ந்துவிட்டது என்றால் நான் இருக்கும் இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும்.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஆபரேஷன் தியேட்டரில் சேர வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் அவள் இரண்டு வருஷம் கால் வீங்க வார்டில் நின்றாள். "செவ்வாய் காலையில நீ இல்லேன்னா அடுத்த பேரைக் கூப்பிடுவேன்" என்று மேட்ரன் விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தாள். திரும்பும் விமானம் திங்கள் சாயங்காலம். நாங்கள் கடற்கரைக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தேன்.

தங்கிய விடுதியின் அம்மாள் எங்களைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்தாள். அதிலேயே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஞாயிறு காலை கிளம்பும்போது, "பாஸ்போர்ட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டறேன். கடலுக்கு எதுக்கு?" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

நான் மனைவியைப் பார்த்துத் தமிழில், "பாத்தியா? நாம கேக்காமயே கேக்கறா" என்றேன்.

"அவ வீட்ல நாலு நாளா தூங்கறோம். நம்மள கழுத்தை நெரிக்கணும்னா எப்பவோ நெரிச்சிருப்பா. குடுங்க பாவா."

"நல்லவங்க டிராயரைத் தொறந்து காட்ட மாட்டாங்க."

"அப்ப என்னாதான் காட்டுவாங்க?"

நான் பாஸ்போர்ட் இரண்டையும் ஒரு பாலிதீன் உறையில் சுற்றி, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த மஞ்சள் பையில் போட்டு, பையை என் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் பையை ஒரு முறை பார்த்தார். நான் அவரை வழி நெடுக முறைத்தேன். பாவம், இறங்கும்போது எங்கள் மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மிட்டாயை வாங்கி நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். சாயங்காலம் சோதித்தேன், நன்றாக இருந்தது.

கடற்கரைக்கு வந்தால் என் சந்தேகத்துக்கு ஒரே விருந்து. தீவின் வடக்குப் பக்கத்தில் அரைவட்டமாக வளைந்த மணல். குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். அடுப்பு, மடக்கு மேஜை, பாத்திரம், கைக்குழந்தை, மாமியார் என்று முழு வீட்டையும் தூக்கி வந்திருந்தார்கள். அதெல்லாம் சரி. ஆனால் யாரும் எதையும் காவல் காக்கவில்லை. துண்டின்மேல் கைக்கடிகாரம் கிடக்கிறது. கண்ணாடி கிடக்கிறது. ஓர் ஆள் கால்சட்டையையே கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டார், அதற்குள் அவர் வீட்டுச் சாவி தெரிகிறது. நான் நின்று எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் காவல் ஆள் ஒருவர்கூட இல்லை.

"இதுல ஏதோ இருக்குது" என்றேன்.

"என்னா இருக்குது?"

"இவ்ளோ பொருளு சும்மா கிடக்குதே. நம்மள மாதிரி வெளியூர்க்காரன் ஏமாந்து எடுப்பான், அப்ப கபால்னு புடிக்கறதுக்குப் போட்டு வச்சிருக்கானுங்க."

"நீங்க எடுக்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு என்னா? பாப்பா சட்டையைக் கழட்டுங்க."

கடல் அதைவிடச் சந்தேகமாக இருந்தது. வெகு தூரத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி நின்றுகொண்டிருந்தாள், தண்ணீர் அவள் முழங்காலுக்குக் கீழே. எங்கள் நந்தி ஆற்றில் மழைக்காலத்தில் ஓடுவதே இதைவிட ஆழம். அடியில் எங்கோ குழி இருக்க வேண்டும், அலை இல்லாமல் காட்டி ஆளை உள்ளே இழுக்கிறது என்று நான் கணித்தேன். என் மனைவி நான் கணிக்கிற வரை நிற்கவில்லை. பழைய காட்டன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போயேவிட்டாள். இரண்டு பேரும் தண்ணீரில் உட்கார்ந்தார்கள். என் மனைவி அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

நான் துண்டின்மேல் பையை வைத்து, பையின்மேல் உட்கார்ந்தேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் இருந்தது. அதன் தலைவி, என் மனைவிக்கு அக்கா வயது இருக்கும், நல்ல சரீரம், தலையில் வைக்கோல் தொப்பி. எண்கள் எழுதிய அட்டைகளை எல்லாருக்கும் கொடுத்து, பையிலிருந்து காய் எடுத்து உரக்க எண் சொல்லிக்கொண்டிருந்தாள். சூதாட்டம் என்று முடிவு கட்டினேன். எண் சரியாக அமைந்த கிழவி ஒருத்திக்குப் பரிசாக ஒரு தக்காளி கிடைத்தது. அப்புறம் அந்த அம்மாள் ஒரு தட்டில் அடுப்பில் வெந்த மக்ரோனியைப் பாளமாக வெட்டி எனக்கு நீட்டினாள். கறி கலந்திருக்குமோ என்று நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். அவள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, என்னையும் நான் உட்கார்ந்திருந்த விதத்தையும் பார்த்தாள். முட்டைமேல் உட்கார்ந்த கோழி போல் நான் இருந்திருக்க வேண்டும். அவள் பார்வை பையில் விழுந்ததாக எனக்குப் பட்டது.

"நைனா! வா நைனா!" என்று மகள் கத்தினாள்.

"வரேன், வரேன்."

"எப்ப பாத்தாலும் வரேன்ற, வரவே மாட்டேன்ற!"

மனைவி எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "பாவா, புள்ள கூப்புடுது. அந்தப் பையைத் தூக்கினு கடல்லயே வாங்களேன்."

பையை நனைக்க முடியாது. துண்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, முதலில் தேடுகிற இடமே துண்டுதான். அப்போதுதான் என் ஊர்ப் புத்தி வேலை செய்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, ஆனால் அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். துண்டிலிருந்து தள்ளி, யாரும் இல்லாத வெறும் மணலில், சும்மா விளையாடுகிறவனைப் போல உட்கார்ந்து முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினேன். பையைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினேன். மேலே என் செருப்பு ஒன்றை வைத்தேன். இன்னொரு செருப்பை வேறு திசையில், கடற்கரை ஓரத்துச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். ஒற்றைச் செருப்பை எவனும் தொட மாட்டான். போதாதற்கு ஓர் அடையாளமும் எடுத்துக்கொண்டேன். சிவப்புக் குடையிலிருந்து பன்னிரண்டு அடி.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் காதிலாவது விழும். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

தண்ணீருக்குள் போனேன். குழி ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், காலடியில் மணலின் வரி வரியான கோடுகள், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மீன்கள். மகள் என் முதுகில் ஏறிக்கொண்டாள். நான் எருமையாகத் தவழ்ந்தேன், அவள் என் காதுகளைப் பிடித்து ஓட்டினாள். வெகு தூரம் போய்விட்டோம், அப்போதும் தண்ணீர் என் தொடையைத் தாண்டவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கரையைத் திரும்பிப் பார்ப்பேன். கறுப்புப் புள்ளியாக என் செருப்பு தெரியும். நிம்மதி. அப்புறம் மகள் மீன் பிடிக்கச் சொன்னாள். கையைக் கிண்ணமாக்கிப் பத்து முறை முயன்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க மறந்துபோனேன். எனக்குத் தெரிந்து கல்யாணத்துக்கு அப்புறம் நான் எதையும் காவல் காக்காமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். வைக்கோல் தொப்பி அம்மாள் வெறும் மணலில் குனிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கையில் என் செருப்பு.

"ஏய்! ஏய்! வையி அதை!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினேன். குழந்தைகளுக்கு ஏற்ற கடல் என்று சொன்னவர்கள் ஒன்றைச் சொல்லவில்லை. முழங்கால் தண்ணீரில் ஓடவும் முடியாது, நீந்தவும் முடியாது. காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொக்கு போல வந்தேன். இரண்டு முறை விழுந்தேன். லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அந்தக் கடற்கரை குடும்பத்துக்கு ஏற்றதாக இருந்திருக்காது. நான் கரை சேர்வதற்குள் அவள் சுவர்ப் பக்கம் போய் இரண்டாவது செருப்பையும் எடுத்துவிட்டாள். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்து, எங்கள் துண்டுக்குப் பக்கத்தில், கோயில் வாசல் செருப்புக் கடையில் வைக்கிற மாதிரி ஜோடியாக வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணு அங்க கிடந்தது, ஒண்ணு இங்க கிடந்தது. பசங்க தூக்கிப் போட்டிருப்பாங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

வெறும் மணலைப் பார்த்தேன். மணல் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. சிவப்புக் குடையைத் தேடினேன். வெயில் திரும்பியதும் குடைக்காரர்கள் குடையைப் பிடுங்கி நிழலுக்குத் தோதாக வேறிடத்தில் நட்டிருந்தார்கள். பன்னிரண்டு அடி எங்கே இருந்து என்று யாரைக் கேட்பது?

அப்போது ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? உதவி கேட்பான். நான் சந்தேகப்பட்டேன். செருப்பைத் தூக்கியவள் கீழே இருந்ததை விட்டிருப்பாளா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. "ஒய் யூ டச்? வேர் பேக்? மை பேக்!"

"என்ன பை?" என்றாள் அவள்.

அதற்கு மேல் நான் செய்ததை எழுத விருப்பம் இல்லை, எழுதாவிட்டால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். குனிந்து அவள் கூடையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். மக்ரோனித் தட்டு, நான்கு கரண்டி, குழந்தையின் ஈரச் சட்டை, எண் எழுதிய அட்டைகள். அவள் புருஷன் எழுந்து வந்தார். கூடையின் மூடியை என் கைக்குக் கீழே இருந்து எடுத்து மூடினார். எண் சொல்லுகிற காய்ப் பையைக் கட்டினார்கள். மேஜையை மடக்கினார்கள். பன்னிரண்டு பேரும் சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற சாலையைப் பார்த்து நடந்தார்கள். அந்த அம்மாள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

என் மனைவி மகளோடு கரை ஏறினாள். "என்னா ஆச்சு? ஏன் அவங்க முகம் அப்படி இருக்குது?"

"ஒண்ணும் இல்ல."

"பை எங்க?"

"இங்கதான்."

"எங்க?"

மணலைக் காட்டினேன். பொதுவாகக் காட்டினேன்.

"மணல்ல எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, குடை, கூடை வரை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ புதைச்சியா?" என்றாள். ங்க போய்விட்டது. "செவ்வாக்கெழமை நான் தியேட்டர்ல நிக்கணும்யா. நாளைக்குச் சாயங்காலம் பிளேனு. என் பாஸ்போர்ட்டை எடுத்துகினு போய் மண்ணுல புதைச்சியா நீ?"

"பத்திரமா இருக்கட்டும்னு..."

"பத்திரமாதான் இருக்குது! எவனாலயும் எடுக்க முடியாது! உன்னாலயும் எடுக்க முடியாது!"

நான் மண்டியிட்டுத் தோண்ட ஆரம்பித்தேன். இங்கே ஒரு குழி, அங்கே ஒரு குழி. மகளுக்கு ஒரே சந்தோஷம், நைனா கடைசியில் விளையாட வந்துவிட்டார் என்று அவளும் ஒரு பக்கம் தோண்டினாள். ஏழெட்டுக் குழி ஆனதும் மனைவி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அழவில்லை. வார்டில் எவ்வளவோ ரத்தத்தைப் பார்த்தவள்.

"செருப்பு எங்க இருந்துச்சின்னு இந்த ஊர்லயே ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்றாள். "எடுத்தவளுக்கு."

சாலையைப் பார்த்தேன். தூரத்தில் பச்சை பஸ் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நீ போய்ச் சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்க" என்றேன்.

"கூடையைத் தொறந்தது நானா?"

ஓடினேன். பஸ் வந்து நின்றுவிட்டது. குழந்தைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கூடையோடு படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். எனக்கு மன்னிப்புக் கேட்கிற இங்கிலீஷ் வரவில்லை. சாரி என்பது பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற சொல், இதற்குப் போதாது என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் பெரிய தப்புக்கு ஒன்றுதான் தெரியும். அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அவள் வீல் என்று கத்தி இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கூடையை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தார் ரோட்டில் படுத்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தேன். இந்த ஆள் இப்போது என் செருப்பைக் கழற்றப் போகிறானா, கூடையைப் பிடுங்கப் போகிறானா என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஆனால் அதுவரை அதை நான் உள்ளேயிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

நல்லவேளை, மனைவி மகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க இங்கிலீஷில் சொன்னாள். பாஸ்போர்ட், நாளைக்கு விமானம், இவர் மணலில் புதைத்துவிட்டார், அடையாளத்துக்கு மேலே வைத்த செருப்பைத்தான் நீங்கள் எடுத்தது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "புதைத்தாரா?"

"ஆமாம்."

"எதற்கு?"

என் மனைவிக்கு இதற்கு நீண்ட பதில் தெரியும். சுருக்கமாகச் சொன்னாள். "எச்சரிக்கையான மனுஷன்."

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். குழந்தைகளும் கிழவியும் பஸ்ஸில் போனார்கள். அவளும் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் அவள் புருஷன்தான். கூடையை மட்டும் அவளிடமிருந்து வாங்கி, எனக்கு எட்டாத பக்கத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவளுக்கு நல்ல ஞாபகம். நேராக நடந்து வந்து ஓரிடத்தில் காலால் ஒரு வட்டம் போட்டாள். "ஒன்று இங்கே." சுவர்ப் பக்கம் போய் இன்னொரு வட்டம் போட்டாள். "ஒன்று இங்கே. பை எதற்குக் கீழே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பைமேல் வைத்தது இடது செருப்பா வலது செருப்பா, சுவர்ப் பக்கம் எதை விட்டேன், எதை முதலில் விட்டேன், எல்லாம் குழம்பிவிட்டது. தண்ணீரில் எருமையாகத் தவழ்ந்தபோது மூளையும் கரைந்துவிட்டது போல.

"சுவர்ப் பக்கந்தான்னு நெனைக்கறேன்" என்றேன்.

"நெனைக்கறியா?" என்றாள் மனைவி.

சுவர்ப் பக்கம் ஆறு பேரும் தோண்டினோம். அந்த அம்மாள் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள், மக்ரோனித் தட்டைக் கவிழ்த்து அதனாலும் மண்ணை வாரினார்கள். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அப்போதும் நான் மற்றவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கைக்கு முதலில் பை தட்டுப்படும், அந்தக் கை என்ன செய்யும் என்று. மனைவி கவனித்துவிட்டாள்.

"கண்ணை எடுத்துட்டுக் கையை வையி" என்றாள்.

முழங்கால் அளவு பள்ளம் ஆயிற்று. ஒன்றும் இல்லை. அடுத்த வட்டத்துக்குப் போனோம். இங்கேயும் இல்லாவிட்டால் என்ன செய்வது? அந்தத் தீவில் நம் நாட்டு ஆபீஸ் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், அதற்கும் பாஸ்போர்ட் வேண்டும். அவள் இரண்டு வருஷம் நின்ற கால்களை ஒரு பிற்பகலில் நான் புதைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே தோண்டினேன். அந்த நினைப்பில் வேறு யாருடைய கையையும் பார்க்கவில்லை.

யார் கையில் தட்டுப்பட்டது என்பதுகூட எனக்குத் தெரியாது. "ஆங்! இதோ!" என்று மனைவி கத்தினாள், மஞ்சள் துணி வெளியே வந்தது. அடியில் கடல் ஊறிப் பை சொதசொதவென்றிருந்தது. பாலிதீன் உறையை நான் சரியாக மடிக்கவில்லை. என் பாஸ்போர்ட் ஓரளவு தப்பித்தது. அவளுடையதைத் திறந்தோம். முத்திரை நீலமாகப் பரவி, பக்கத்துப் பக்கத்திலும் பதிந்திருந்தது. வைக்கோல் தொப்பி அம்மாள் தன் முந்தானைத் துணி போன்ற எதையோ எடுத்து ஒவ்வொரு பக்கமாக ஒற்றினாள். அப்புறம் பாஸ்போர்ட்டை விரித்து வெயிலில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றாள். அடுத்த பஸ் போனது. அதற்கடுத்த பஸ்ஸில்தான் அவர்கள் போனார்கள். கிளம்பும்போது பாஸ்போர்ட்டை என் மனைவியின் கையில் கொடுத்து, அவள் விரல்களை மூடிவிட்டாள். நான் கை நீட்டியதை இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

திங்கள் சாயங்காலம் திரிபோலி விமான நிலையம். என் பாஸ்போர்ட்டுக்குச் சட்டென்று முத்திரை விழுந்தது. அவளுடையதைத் திறந்ததும் அதிகாரியின் கை நின்றது. நீலக் கறையை உற்றுப் பார்த்தார். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அட்டையைத் தட்டினார். மேஜைமேல் பொலபொலவென்று மணல் கொட்டியது. அந்த மனுஷன் மணலைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசை முனகியது. அவர் இன்னோர் அதிகாரியைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டார்.

அப்போது என் மனைவி அரபியில் பேசினாள். ஆஸ்பத்திரியில் கற்ற அரபி, தடையில்லாமல் வரும். எனக்குத் தெரிந்தது வெங்காயம் வாங்குகிற அரபிதான். அவள் பேச்சில் வெங்காயம் வரவில்லை. இரண்டு முறை என் பக்கம் கையை நீட்டினாள், ஒரு முறை தரையைத் தோண்டிக் காட்டினாள், ஒரு முறை தன் நெற்றியைத் தொட்டாள். அதிகாரியின் மீசை மெல்ல ஆடியது. தூக்கிய கையைக் கீழே இறக்கினார். மேஜைமேல் இருந்த மணலை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, முத்திரையை எடுத்து அவள் பாஸ்போர்ட்டில் ஓங்கிக் குத்தினார். அப்புறம் எழுந்து நின்று, கண்ணாடித் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி, என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் தீராத நோயாளியைத் தட்டிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அவள் தியேட்டரில் நின்றாள். அன்று சாயங்காலம் பாஸ்போர்ட்டுகளை ஆபீசில் திருப்பிக் கொடுக்க அவளே போனாள், என்னை வரச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அந்த அதிகாரியிடம் என்ன சொன்னாள் என்று அன்றைக்குக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். திருத்தணிக்கு வந்து வீடு கட்டிக் குடியேறிய பிறகும் கேட்டேன்.

"உண்மையைத்தாங்க சொன்னேன் பாவா" என்கிறாள், ங்க போட்டு, சிரித்துக்கொண்டே. எனக்கு நம்பிக்கை இல்லை.